யிகுவிர்ரோவும் மூவிரல் ஸ்லாத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிக்காவின் தேசியச் சின்னங்களுள் ஒரு பாட்டுப்பறவையும் ஒரு மரவாழ் விலங்கும் இருக்கின்றன. பறவையின் பெயர் யிகுவிர்ரோ. அது 1977ஆம் ஆண்டில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. விலங்கு ஸ்லாத்; அது 2021ஆம் ஆண்டில் சட்டத்தின் வழியாக அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பேசும்போது, சுறுசுறுப்புக்குப் பறவை, சோம்பலுக்கு ஸ்லாத் என்று முடித்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்த முடிவு தவறானது என்பதே இப்பக்கத்தை எழுதுவதற்கான காரணம்.

எந்த இனங்களைப் பற்றி இங்கே பேசப்படுகிறது?

பறவை, டர்டஸ் கிரேயி என்ற அறிவியல் பெயருடைய மண்ணிறப் பூங்குயில். இதைத்தான் கோஸ்டாரிக்க மக்கள் யிகுவிர்ரோ என்று அழைக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தென்முனையிலிருந்து கொலம்பியாவின் வடபகுதி வரை இது காணப்படுகிறது.

கோஸ்டாரிக்காவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், அந்நாட்டில் வாழும் மூவிரல் ஸ்லாத், இருவிரல் ஸ்லாத் ஆகிய இரண்டையும் குறிக்கிறது. இப்பக்கத்தில் பெரும்பாலும் பேசப்படுவது பழுப்புத் தொண்டை மூவிரல் ஸ்லாத், அதாவது பிராடிபஸ் வேரிகேட்டஸ். ஹோண்டுராஸ் தொடங்கித் தென் அமெரிக்காவின் பெரும்பகுதி வரை இது பரவியிருக்கிறது. இருவிரல், மூவிரல் என்ற பெயர்கள் முன்கால்களை மட்டுமே குறிப்பவை. பின்கால்களில் இரண்டு வகைக்கும் மூன்று விரல்கள்தாம்.

ஸ்லாத்தும் தேவாங்கும் ஒன்றுதானா? கரடி வகை என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் இல்லை. தமிழில் ஸ்லாத்துக்கு நிலைபெற்ற பெயர் அமையாததால், சிலர் தேவாங்கு என்றும் சிலர் கரடி என்று முடியும் பெயர்களாலும் எழுதிவருகின்றனர். தேவாங்கு குரங்குகளோடு சேர்த்து எண்ணப்படும் முதனி வகை. இரவில் பூச்சிகளைத் தேடி உண்பது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் அதற்கென்றே அமைந்தது. ஸ்லாத்தோ எறும்புண்ணிகளுக்கும் ஆர்மடில்லோக்களுக்கும் உறவுடைய, அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய விலங்கு. மெதுவாக நகர்வதும் மரத்தைப் பற்றியிருப்பதுமே தேவாங்கோடு அதற்குள்ள ஒற்றுமை.

கரடிக் குழப்பத்துக்கு நம் ஊர் சார்ந்த வரலாறு ஒன்று உண்டு. நம் காடுகளில் கறையான் புற்றைத் தோண்டி உண்ணும் கரடிக்கு 1791இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா பெயரிட்டபோது, அதன் நீண்ட நகங்களையும் மேற்தாடையில் முன்பற்கள் இரண்டு குறைந்திருப்பதையும் கண்டு, அதை ஸ்லாத் இனமென்றே கருதி பிராடிபஸ் உர்சினஸ் என்று எழுதிவைத்தார். பிழை பிற்பாடு திருத்தப்பட்டது. ஆனால் அக்கரடியின் ஆங்கிலப் பெயரில் ஸ்லாத் என்ற சொல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் காரணத்தால், இப்பக்கம் முழுவதும் ஸ்லாத் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

பூங்குயில் என்றால் அது குயிலா?

குயில் அன்று. பூங்குயில் என்பது தனியொரு பறவைக் குடும்பத்துக்குத் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் வழங்கும் பெயர். குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடும்; பூங்குயில்களோ தாமே கூடு கட்டித் தாமே குஞ்சு வளர்ப்பவை. யிகுவிர்ரோ சேர்ந்துள்ள டர்டஸ் பேரினம் நமக்கும் அந்நியமானதன்று. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும் விடியற்காலையில் பாடும், மஞ்சள் அலகும் கருமையான உடலும் கொண்ட பறவை அதே பேரினத்தைச் சேர்ந்தது. உதகையில் அதன் பாட்டைக் கேட்டவர்கள் யிகுவிர்ரோவின் குரலை ஓரளவு கற்பனை செய்துகொள்ள முடியும்.

உருவத்தில் இரண்டும் எப்படி இருக்கும்?

யிகுவிர்ரோ 23 முதல் 27 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 75 கிராம் எடையும் உடையது. முதுகு மண்ணிறம், வயிறு அதைவிட வெளிறிய நிறம், அலகு பசுமஞ்சள். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. செம்பஞ்சவர்ணக்கிளிகளும் நீண்ட வால் கொண்ட கேட்சால்களும் பறக்கும் ஒரு நாடு, இத்தனை எளிய நிறமுடைய பறவையைத் தேசியப் பறவையாகத் தேர்ந்தது பலருக்கு வியப்பளிக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு வருகிற பறவை, பாட்டாலும் நாட்டார் கதைகளாலும் மக்கள் மனத்தில் பதிந்த பறவை என்பதே அத்தேர்வுக்கு அடிப்படை. நிறத்தைவிடப் பழக்கத்தை மதித்த அந்தத் தேர்வு சரியானது என்றே தோன்றுகிறது.

மூவிரல் ஸ்லாத்தின் உடல் நீளம் 42 முதல் 80 செ.மீ. வரை, வளர்ந்த விலங்கின் எடை பெரும்பாலும் 4 கிலோவை ஒட்டியிருக்கும். கண்ணோரங்களில் கருங்கோடு ஓடுவதாலும் வாயின் வளைவாலும் எந்நேரமும் புன்னகைப்பது போன்ற முகம். அது புன்னகை அன்று, முகத்தின் அமைப்பு மட்டுமே. வலியில் துடிக்கும் ஸ்லாத்துக்கும் அதே முகம்தான். ஆணின் முதுகில் செம்மஞ்சள் நிறத் திட்டும் அதன் நடுவே கருங்கோடும் உண்டு. ரோமம் பிற விலங்குகளைப் போல முதுகிலிருந்து வயிற்றை நோக்கிச் சரியாமல், வயிற்றிலிருந்து முதுகை நோக்கிச் சரியும். தலைகீழாகத் தொங்கும்போது மழைநீர் வழிந்தோட அதுவே வாய்ப்பான அமைப்பு.

இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா?

மிகத் தொலைவான உறவே உண்டு. பறவைகளின் மூதாதையரும் பாலூட்டிகளின் மூதாதையரும் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டனர். அதன்பின் பாட்டுப்பறவைகள் ஆஸ்திரேலியப் பகுதியில் தோன்றி உலகெங்கும் பரவின. ஸ்லாத்துகளோ தீவாகத் தனித்திருந்த தென் அமெரிக்காவில் உருவாயின. நான்கு டன் எடையுள்ள மெகாதீரியம் போன்ற தரைவாழ் ஸ்லாத்துகள் ஒரு காலத்தில் அங்கே நடமாடின. இன்று எஞ்சியிருப்பவை மரத்தில் தொங்கும் சிறியவை மட்டுமே.

ஸ்லாத் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? அது சோம்பல் இல்லையா?

மற்றெல்லாக் கேள்விகளுக்கும் வேர் இந்தக் கேள்விதான் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

மூவிரல் ஸ்லாத் இலையை உண்டு வாழ்வது. மரத்தில் இலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இலையில் சத்து குறைவு, நார் மிகுதி, பல இலைகளில் நஞ்சும் உண்டு. இலையைச் செரிக்க வேண்டுமானால் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைக்கும்வரை வயிற்றில் பல நாட்கள் வைத்திருக்க வேண்டும். மாடு, மான் போன்றவை பெரிய வயிற்றையும் பெரிய உடலையும் கொண்டு இதைச் சமாளிக்கின்றன. மரக்கிளையின் நுனியில் வாழும் விலங்குக்கோ உடல் பெருக்க வழியில்லை, கிளை ஒடிந்துவிடும். ஆகவே உடலைச் சிறிதாக வைத்துக்கொண்டு, வரவு குறைவாக இருப்பதால் செலவையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்வது என்ற வழியை ஸ்லாத்தின் பரிணாமம் பல இலட்சம் ஆண்டுகளாகச் செப்பனிட்டிருக்கிறது.

எவ்வளவு சுருக்கம் என்பதை எண்ணால் பார்க்கலாம். கோஸ்டாரிக்காவின் வடகிழக்கில் காட்டிலேயே அளந்து 2016இல் வெளியான ஆய்வில், மூவிரல் ஸ்லாத் தன் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 162 கிலோஜூல் ஆற்றலையே செலவிடுவது தெரியவந்தது. நீள்துயில் கொள்ளாத பாலூட்டிகளில் அதுவரை அளக்கப்பட்டவற்றுள் இதுவே மிகக் குறைவானது. அதே காட்டின் இருவிரல் ஸ்லாத்துக்கு இந்த அளவு 234. நான்கு கிலோ எடையுள்ள ஒரு மூவிரல் ஸ்லாத்தின் ஒரு நாள் செலவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 155 கிலோகலோரி வருகிறது. நடுத்தர அளவிலான மூன்று இட்லிகளில் அவ்வளவு ஆற்றல் இருக்கும். ஒரு நாள் முழுவதும் மூச்சு விட்டு, கிளை ஏறி, இலை செரித்து, குட்டியையும் சுமந்து வாழ அதற்கு அவ்வளவே போதும்.

இந்தச் சிக்கனம் உடலெங்கும் தெரிகிறது. பெரும்பாலான பாலூட்டிகளைவிட அதன் உடலில் தசையின் பங்கு குறைவு. உடல் வெப்பநிலையை ஒரே அளவில் காத்துக்கொள்ளும் செலவையும் அது பெருமளவு விட்டுவிட்டது. காற்றின் வெப்பத்தோடு அதன் உடல் வெப்பமும் சில பாகை ஏறி இறங்கும். குளிர்ந்த இரவுக்குப் பின் மரத்தின் உச்சிக்கு ஏறி வெயில் காய்வது அதற்கு உணவைப் போலவே இன்றியமையாதது. வயிற்றில் நிறைந்த இலைச் சுமை உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கக்கூடும். தலைகீழாகத் தொங்கும்போது அந்தச் சுமை நுரையீரலை அழுத்தாதபடி, ஈரலும் இரைப்பையும் மெல்லிய இழைகளால் விலா எலும்புகளோடு பிணைக்கப்பட்டிருப்பதை 2014இல் ஆய்வாளர்கள் விளக்கினர். மூச்சு விடும் செலவில்கூட மிச்சம் பிடிக்கும் உடல் அது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன், ஸ்லாத் குறைபாடுகளின் தொகுப்பு என்றும், இன்னும் ஒரு குறை கூடியிருந்தால் அதனால் வாழவே முடியாது என்றும் கருதினார். மேலே சொன்ன அளவுகளைப் பார்த்த பிறகு அந்தக் கருத்தை ஏற்க இயலாது. சோம்பல் என்பது செய்யக்கூடியதைச் செய்யாமலிருப்பது. ஸ்லாத்தோ தன்னிடம் உள்ள ஆற்றல் முழுவதையும் கணக்குத் தவறாமல் பயன்படுத்துகிறது.

அப்படியானால் யிகுவிர்ரோவின் கணக்கு எப்படி?

அது எதிர்த்திசையில் போகிறது. 75 கிராம் எடையுள்ள பாட்டுப்பறவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல் செலவிடும் என்று, பறவைகளுக்கு வகுக்கப்பட்ட பொதுவான சமன்பாட்டைக்கொண்டு மதிப்பிடலாம். எடைக்கு எடை பார்த்தால் இது ஸ்லாத்தின் செலவைப் போலப் பதினாறு மடங்கு. வேறு விதமாகச் சொன்னால், ஐம்பது மடங்குக்கு மேல் கனமான ஸ்லாத், பறவை செலவிடுவதைப் போல மூன்று மடங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் செலவிடுகிறது.

இந்தச் செலவைத் தாங்க யிகுவிர்ரோவுக்கு வரவும் உடனுக்குடன் வேண்டும். பழம், மண்புழு, நத்தை, பூச்சி, சில வேளை சிறு பல்லி என்று கிடைப்பதையெல்லாம் அது உண்ணும். புல்தரையில் தத்தித் தத்தி ஓடி, நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து மண்புழுவை இழுக்கும் காட்சி நகரப் பூங்காக்களிலும் காணக்கிடைப்பது. பழத்தின் சதை விரைவில் செரித்து விதை வெளியேறிவிடுவதால், தின்ற மரத்திலிருந்து தொலைவில் விதையை ஊன்றும் பணியும் அதனால் நடக்கிறது. அதே காட்டில் அத்திக் குடும்ப மரங்களின் பழத்தைப் பறவையும் இலையை ஸ்லாத்தும் எடுத்துக்கொள்கின்றன. பழத்தை மரமே பறவைகளுக்கென்று சத்தேற்றி வைத்திருக்கிறது. இலையை யாருக்கும் கொடுக்க அதற்கு விருப்பமில்லை. ஒருவர் விரைவதற்கும் மற்றவர் மெதுவாக இருப்பதற்கும் இந்த வேறுபாடே பெருங்காரணம்.

யிகுவிர்ரோ பாடினால் மழை வரும் என்பது உண்மையா?

கோஸ்டாரிக்க உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படிச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பறவை தேசியப் பறவையானதில் இந்த நம்பிக்கைக்கும் பங்குண்டு. வறண்ட பருவம் முடியும் தறுவாயில், மார்ச், ஏப்ரல் மாதங்களில், ஆண் பறவைகள் விடிவதற்கு முன்பே எழுந்து நீண்ட நேரம் பாடும். மே மாதத்தில் மழை இறங்கும். பாட்டுக்குப் பின் மழை வருவது ஆண்டுதோறும் கண்ணால் காணும் நிகழ்ச்சி என்பதால், பறவை மழையை அழைக்கிறது என்ற பேச்சு பிறந்தது.

பறவை உண்மையில் அழைப்பது துணையை. அத்துடன் தன் எல்லையையும் அறிவிக்கிறது. அது அந்தப் பருவத்தில் கூடு கட்டுவதுதான் முதலில் புதிராகத் தோன்றுகிறது. ஏனெனில் மழைக்குப் பிறகே மண்புழுவும் பூச்சியும் பெருகும், வறண்ட பருவத்தில் குஞ்சுக்கு இரை தேடுவது கடினம். பனாமாவில் இதே பறவையை ஆராய்ந்து 1971இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. மழைக்காலம் தொடங்கிய பின் கட்டப்படும் கூடுகளைக் கொள்ளையடிக்கும் எதிரிகள் மிகுதி; வறண்ட பருவத்தில் குறைவு. குஞ்சு சற்றுப் பசித்திருந்தாலும் உயிரோடிருப்பது மேல் என்ற நிலையில், உணவு குறைந்த காலத்தையே அது தேர்ந்துகொள்கிறது. ஆகவே உழவர்களின் கூற்று, காரணத்தைத் தவறாகவும் காலத்தைச் சரியாகவும் சொல்லுகிறது. விதைப்புக்கு நிலத்தை ஆயத்தம் செய்ய வேண்டியவருக்குக் காலம் தெரிந்தாலே போதுமானது.

ஸ்லாத்துக்குக் குரல் உண்டா?

உண்டு. இணைசேரும் வேட்கையில் இருக்கும் பெண் மூவிரல் ஸ்லாத் உச்சக் குரலில் வீறிடும். காட்டில் எங்கோ இருக்கும் ஆண் அதைக் கேட்டுத் தேடி வரும். தென் அமெரிக்கத் துப்பி மொழியில் இதற்கு ஆயி என்று பெயர் வந்ததே அந்தக் குரலால்தான் என்பர். மற்றக் காலங்களில் இது பெரும்பாலும் ஓசையின்றி இருக்கும்.

பறவையையும் ஸ்லாத்தையும் பாட்டின் வழியாக இணைக்கும் பழைய பிழை ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஸ்பானிய வரலாற்றாசிரியர் கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் தே ஒவியேதோ 1526இல் வெளியிட்ட நூலில், ஸ்லாத் இரவில் ஆறு சுரங்களை மேலிருந்து கீழாக, படிப்படியாக இறங்கும் வரிசையில் பாடும் என்று எழுதினார். நம் முறையில் சொன்னால் அவரோகணம் பாடும் விலங்கு! இரவில் அப்படி இறங்கும் சுரங்களில் கூவுவது பொட்டூ என்ற பறவை. மரக்கட்டை போல அசையாமல் நிற்கும் அதை எவரும் எளிதில் காண முடியாததால், அதன் பாட்டு பக்கத்தில் தொங்கிய ஸ்லாத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. இந்நம்பிக்கை அமெரிக்க வெப்பமண்டலத்தில் நெடுங்காலம் நிலவியது.

யிகுவிர்ரோவின் குரல்பெட்டி, எல்லாப் பாட்டுப்பறவைகளையும் போல, மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் அமைந்திருப்பதால், இருபுறத்தையும் தனித்தனியே இயக்க அதனால் இயலும். பாட்டை அது மூத்த பறவைகளிடமிருந்து கேட்டுக் கற்கிறது.

ஸ்லாத் நாளுக்கு இருபது மணி நேரம் உறங்கும் என்பது சரியா?

சரியன்று. கூண்டில் வளர்ந்த ஸ்லாத்துகள் ஏறத்தாழ 16 மணி நேரம் உறங்குவதை வைத்து அந்த எண்ணம் வளர்ந்தது. பனாமாவின் காட்டில் மூவிரல் ஸ்லாத்துகளின் தலையில் மூளை அலைகளைப் பதியும் சிறு கருவியைப் பொருத்திச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. அவை நாளொன்றுக்கு 9.6 மணி நேரமே உறங்கின. அசையாதிருப்பதை உறக்கம் என்று நாம் பிழையாக எண்ணிவந்தோம்.

வாரம் ஒருமுறை மலம் கழிக்க அது ஏன் தரைக்கு இறங்குகிறது?

மூவிரல் ஸ்லாத் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை மரத்தடிக்கு இறங்கி, வாலால் சிறு குழி செய்து, மலம் கழித்து, மீண்டும் ஏறுகிறது. தரையில் அதனால் சரியாக நடக்கவும் முடியாது, ஜாகுவாருக்கோ நாய்க்கோ தப்பவும் முடியாது. பறவை பறந்துகொண்டே முடிக்கும் காரியத்துக்கு இது உயிரையே பணயம் வைக்கிறது.

காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2014இல் முன்வைக்கப்பட்ட விளக்கத்தின்படி, ஸ்லாத்தின் ரோமத்தில் வாழும் அந்துப்பூச்சிகள் அந்த மலத்தில் முட்டையிடுகின்றன; வளர்ந்த பூச்சிகள் மேலே ஸ்லாத்திடம் பறந்து வந்து ரோமத்தில் மடிவதால் அங்குள்ள பாசிக்கு உரம் கிடைக்கிறது; பாசி ஸ்லாத்துக்குப் பச்சை நிற மறைவையும் ஓரளவு உணவையும் தருகிறது. வேறு சிலர் மலத்தின் மணம் வழியாக ஆணும் பெண்ணும் செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பர். இரண்டாவது விளக்கமே எளிமையாகவும் இயல்பாகவும் படுகிறது; ஆயினும் முதல் விளக்கம் சுட்டும் பாசி, அந்து, ஸ்லாத் என்ற கூட்டுவாழ்க்கை கண்முன் இருக்கும் உண்மை. ஸ்லாத்தின் ரோமத்தில் காணப்படும் டிரைக்கோஃபிலஸ் என்ற பசும்பாசி அந்த ரோமத்தையே வீடாகக் கொண்டது.

பார்வையில் எது கூர்மையானது?

பறவைதான், இதில் ஐயத்துக்கு இடமில்லை. பாட்டுப்பறவைகள் நாம் காணும் நிறங்களோடு புற ஊதாவையும் காணக்கூடியவை. ஸ்லாத்தின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், நிறமறியும் கூம்பு உயிரணுக்களுக்கான மரபணு அதில் செயலிழந்துவிட்டதாக 2015இல் அறிவித்தனர். எனவே அது நிறம் அறியாது; கடும் வெயிலில் அதன் பார்வை மிகவும் மங்கும். மோப்பத்தாலும் தொடு உணர்வாலும், நன்கு பழகிய கிளைப்பாதைகளின் நினைவாலுமே அது வழி அறிகிறது.

கழுத்தில் மட்டும் இரண்டும் எதிர்பாராத வகையில் நெருங்கி வருகின்றன. மனிதருக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் திமிங்கலத்துக்கும் கழுத்தெலும்பு ஏழே. மூவிரல் ஸ்லாத்துக்கு எட்டு அல்லது ஒன்பது. அதனால் 270 பாகை வரை தலையைத் திருப்பும். பறவைகளின் கழுத்தெலும்பு அதற்கும் மேற்பட்டது. உடலைத் திருப்பாமல் சுற்றிலும் பார்ப்பதும் ஒரு சிக்கனமே.

குஞ்சு வளர்ப்பிலும் குட்டி வளர்ப்பிலும் உள்ள வேறுபாடு என்ன?

யிகுவிர்ரோ புல்லும் வேரும் சேற்றுமண்ணும் கலந்து கிண்ணம் போன்ற கூட்டை மரக்கவட்டிலோ வீட்டுக் கூரையின் இடுக்கிலோ கட்டும். வழக்கமாக மூன்று முட்டைகள். வெளிர்நீலத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். பன்னிரண்டு பதின்மூன்று நாட்களில் பொரிக்கும். அதன்பின் இரண்டு வாரங்களில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறும். ஒரு கூடு அழிந்தால் பறவை மற்றொன்று கட்டும்.

ஸ்லாத்துக்கு அப்படி மறுமுறை முயல்வது எளிதன்று. ஆறு மாதத்துக்குக் குறையாத கருவளர்ச்சிக்குப் பின் ஒரே ஒரு குட்டி பிறக்கும். மேலும் ஏறத்தாழ ஆறு மாதம் அது தாயின் வயிற்றின்மீது பற்றியபடியே வாழும். அந்நாட்களில் தாய் தின்னும் இலைத் துணுக்குகளை நக்கி, எந்த மரத்தின் இலை உண்ணத்தக்கது என்று கற்கிறது. இலைகளில் நஞ்சு உள்ளதால் இந்தப் பாடம் உயிர்காக்கும் பாடம். ஒவ்வொரு தாயின் மரத்தேர்வும் சற்று வேறுபடுவதால், அருகருகே வாழும் ஸ்லாத்துகள் ஒரே மரத்துக்குப் போட்டியிடுவது குறைகிறது. இறுதியில் தாய் தன் வாழிடத்தில் ஒரு பகுதியைக் குட்டிக்கு விட்டு விலகிச் செல்லும். பறவை பாட்டைக் கற்பிக்கிறது என்றால், ஸ்லாத் இலையைக் கற்பிக்கிறது. இவ்விரண்டு பரம்பரைச் சொத்துகளில் எது உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை.

எதிரிகளிடமிருந்து எப்படித் தப்புகின்றன?

பறவை பறந்துவிடும். அதன் கவலையெல்லாம் கூட்டைப் பற்றியது; பாம்பும் அணிலும் டூக்கன் பறவையும் முட்டையைத் தேடி வரும். ஸ்லாத் அசையாதிருந்தே தப்புகிறது. ஹார்ப்பி கழுகு அசைவைக் கண்டு பாய்வது. பச்சைப்பாசி படர்ந்த, மெல்ல நகரும் உடல் இலைத்திரளில் கலந்துவிடும். ஆற்றில் விழுந்தால் ஸ்லாத் நன்றாக நீந்தும். தரையில் ஊர்வதைவிட நீரில் ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாகச் செல்லும்.

இவை அழிந்துவரும் இனங்களா?

இரண்டுமே உலக அளவில் அழிவு ஆபத்து குறைந்த இனங்களாகப் பட்டியலிடப்பட்டவை. மூவிரல் ஸ்லாத்தின் பேரினத்தில் வேறோர் இனத்தின் நிலை கவலைக்குரியது: பனாமாவின் எஸ்குடோ தே வெராகுவாஸ் தீவில் மட்டும் வாழும் குள்ள மூவிரல் ஸ்லாத், 2001இல்தான் தனியினமாக விவரிக்கப்பட்டது, இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

பட்டியலில் இடம் நன்றாக இருப்பதால் ஆபத்து இல்லையென்று ஆகாது. யிகுவிர்ரோ மனிதர் காட்டை வெட்டிய இடத்திலும் தோட்டத்தையும் காப்பித் தோப்பையும் கண்டு பெருகக்கூடியது. ஸ்லாத்தால் அது முடியாது. அதற்கு மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாலை ஒன்று குறுக்கே வந்தால், அது தரையில் இறங்கி ஊர்ந்து கடக்க வேண்டும், அல்லது மின்கம்பியைக் கிளையென்று பற்ற வேண்டும். உறையிடப்படாத மின்கம்பிகளால் கருகிய ஸ்லாத்துகள் கோஸ்டாரிக்காவின் மீட்பு நிலையங்களுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. கையிழந்த தாய்களும் தாயிழந்த குட்டிகளும் அவற்றுள் அடக்கம். மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டுவதும், கம்பிகளுக்கு உறையிடுவதும், சாலையோரம் மரம் நடுவதும் அங்கு நடைபெறும் வேலைகள். கயிறு ஒன்றைக் கட்டிவிடுவதால் ஓர் உயிர் சாலையைக் கடக்கிறது என்றால், அதைச் செய்யாமலிருக்க எந்த நியாயமும் இல்லை.

ஸ்லாத்தைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கோஸ்டாரிக்க அரசு 2019இல் காட்டுவிலங்குகளோடு தற்படம் எடுப்பதற்கு எதிராகவே பரப்புரை நடத்தியது. மனிதர் கையில் அமைதியாக இருக்கும் ஸ்லாத் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கொள்வது பெரும் பிழை. அஞ்சினால் ஓடாமல் உறைந்துபோவது அதன் இயல்பு. முகமோ மாறாத புன்னகை முகம். ஒரு நாளின் ஆற்றல் மூன்று இட்லிக்கு மேலில்லாத விலங்கு, அந்த அச்சத்தில் எவ்வளவை இழக்கும் என்று எண்ணிப் பார்த்தால் கை நீளாது.

இரண்டையும் ஒரே இடத்தில் காண முடியுமா?

முடியும். பசிபிக் கரையிலுள்ள மனுவேல் அந்தோனியோ தேசியப் பூங்காவும் கரிபியக் கரையிலுள்ள கவீத்தா தேசியப் பூங்காவும் மூவிரல் ஸ்லாத்தைக் காண ஏற்ற இடங்கள். யிகுவிர்ரோவைத் தேடிப் போகவே தேவையில்லை, தலைநகர் சான் ஹோசேயின் பூங்காக்களிலேயே அது புல்தரையில் மேயும். பாட்டைக் கேட்க ஏப்ரல் மாதத்து விடியற்காலை நல்லது. ஸ்லாத்துக்கு, சூரியன் ஏறிய பிறகு, குவாருமோ மரங்களின் உச்சியைப் பார்க்க வேண்டும். அகன்ற இலைகளும் குறைந்த கிளைகளும் உடைய மரமாதலால், வெயில் காயும் ஸ்லாத் அதில் எளிதில் கண்ணில் படும். கவட்டில் ஒரு பழைய தேன்கூடு போலத் தெரிந்தால் உடனே கடந்துவிடாமல் சில நிமிடங்கள் நின்று பாருங்கள். தலை மெல்லத் திரும்பும்.